ஒரு வீடு, ஒரு குடும்பம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள், வாடகை வீடு தேடித் தெருத் தெருவாக நடவாதவர் மிகச் சிலரே. கதவைத் திறக்கும் வீட்டுக்காரர் முதலில் வாடகையைப் பற்றிப் பேசுவதில்லை. "குடும்பமா, தனி ஆளா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. குடும்பம் என்று விடை சொன்னால், "யார் யார்?" என்பது அடுத்த கேள்வி. மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் அவர் முகம் மலர்கிறது. தாயாரும் உண்டு என்றால் சிறிது யோசிக்கிறார். வேலை தேடி வந்திருக்கும் தம்பி, கல்லூரியில் படிக்கும் தமக்கை மகன் என்று பட்டியல் நீண்டால், வீட்டை முன்பே வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்.

தில்லிக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரு வீட்டின் மொட்டைமாடியில், அவ்வூரார் 'பர்ஸாத்தி' என்று சொல்லும் ஒற்றையறையில் குடியிருந்தோம். தமக்கை மகனை 'விருந்தாளி' என்று சொல்லித்தான் எங்களுடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த விருந்தாளி இரண்டு ஆண்டுகள் தங்கினான். வீட்டுக்காரருக்கும் உண்மை தெரியும். நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்காரர் தம் சொத்தைப் பற்றிக் கேட்கிறார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதே கேள்வியை நகரசபையே கேட்டால் என்ன ஆகும்? இன்ன தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் கட்டலாம், அவ்வீட்டில் ஒரு குடும்பந்தான் வாழலாம், குடும்பம் என்றால் இன்னின்ன உறவினர்தாம் என்று சட்டமே எழுதி வைத்தால் என்ன ஆகும்? இது கற்பனை அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்துவரும் ஏற்பாடு இது. நம் நாட்டிலும் ஒரு பெரிய நகரத்தில் இதன் சாயல் உண்டு. அதனைப் பிறகு பார்ப்போம்.

நகர நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இன்ன கட்டடந்தான் எழலாம் என்று வரையறுப்பதை ஆங்கிலத்தில் 'ஸோனிங்' என்கின்றனர். தமிழில் மண்டல விதி எனலாம். இது தோன்றியதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. நம் வீட்டுப் பின்புறத்தில் ஒருவர் தோல் பதனிடும் தொழிற்சாலை வைப்பாரானால் நாம் சும்மா இருப்போமா? புகையும் நாற்றமும் தீ விபத்தும் குடியிருப்பை அணுகாமல் காப்பதற்கும், தெருவிற்கு வெயிலும் காற்றும் கிடைக்கச் செய்வதற்கும் விதிகள் வேண்டியிருந்தன. நியூயார்க் நகரம் 1916-ஆம் ஆண்டில் வானளாவும் கட்டடங்களின் உயரத்தையும் பருமனையும் கட்டுப்படுத்தி விதி செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பெர்க்லி நகரம் வேறொரு வகை விதியைச் செய்தது. தொழிற்சாலையை மட்டுமன்றி, பல குடித்தனங்கள் வாழும் கட்டடத்தையும் விலக்கி, தனி வீடுகளுக்கென்றே ஒரு பகுதியை அது ஒதுக்கியது. நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அங்கே தொடங்குகிறது எனலாம்.

இவ்விதி செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது யூக்ளிட் என்ற சிற்றூரினால். ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லாந்து என்ற தொழில் நகரம் இருக்கிறது. அதன் தொழிற்சாலைகள் இருப்புப்பாதையை ஒட்டிக் கிழக்கு நோக்கிப் பரவிவந்தன. அவை பரவும் வழியிலே அமைந்திருந்தது யூக்ளிட். வடிவ கணிதம் வகுத்த கிரேக்க அறிஞரின் பெயரைத்தான் நில அளவையாளர்கள் அவ்வூருக்குச் சூட்டியிருந்தனர். பெயருக்கு ஏற்ப அவ்வூர் மன்றம் 1922 நவம்பரில் ஊர் முழுவதையும் கோடு போட்டுப் பிரித்தது. நிலத்தின் பயன் 6 வகுப்பு. கட்டடத்தின் உயரம் 3 வகுப்பு. மனையின் பரப்பு 4 வகுப்பு. பயன் வரிசையில் முதல் வகுப்பு ஒற்றைக் குடும்பத் தனி வீடு. இரண்டு குடும்ப வீடு இரண்டாவது. பல குடித்தன மாளிகைகள் மூன்றாவது. கடைகளும் அலுவலகங்களும் அதற்குக் கீழே. பெரிய தொழிற்சாலைகளும் கழிவுநீர் நிலையமும் கடைசியில். மேல் வகுப்புக் கட்டடம் கீழ் வகுப்புப் பகுதியில் எழலாம். கீழ் வகுப்பு மேலே ஏறி வரக் கூடாது. இப்படிப்பட்ட ஏணி ஒன்று நம் நாட்டாருக்குப் புதிதாகத் தோன்றாது.

ஆம்பிளர் என்ற நில விற்பனைக் கம்பெனிக்கு அவ்வூரில் 68 ஏக்கர் நிலம் இருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கருக்கு 10,000 டாலர் கிடைக்கும், குடியிருப்புக்கு மட்டும் என்றால் 2,500 டாலருக்கு மேல் தேறாது என்று அக்கம்பெனி வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் 1924-இல் வழக்கை விசாரித்த வெஸ்டன்ஹேவர் என்ற நீதிபதி விதி செல்லாது என்றார். அவர் சொன்ன காரணம் நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்விதி நிலத்தைப் பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் மக்களை அவர்களுடைய வருவாய்க்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்பப் பிரித்து ஒதுக்குகிறது என்பது அவர் கருத்து. ஆனால் உச்ச நீதிமன்றம் 1926 நவம்பர் 22-ஆம் நாள், ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில், விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து தொழிற்சாலையைப் பற்றிப் பேசியதில் நமக்குச் சண்டை இல்லை. தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்தில் வந்து நின்றால் தொல்லையே என்று அவர் சொன்ன உவமையும் பொருத்தமே. ஆனால் அவர் அதே மூச்சில் பல குடித்தன மாளிகையையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். தனி வீடுகள் உள்ள தெருவில் எழும் அத்தகைய மாளிகை, அத்தெருவின் காற்றையும் வெளிச்சத்தையும் அமைதியையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்பது அவர் பார்வை. கட்டடத்தைத்தான் அவர் ஒட்டுண்ணி என்றார். ஆயினும் அக்கட்டடத்தில் குடியிருப்பது யார்? தனி வீடு வாங்கப் பணமில்லாத ஆசிரியரும், தாதியும், கடைச் சிப்பந்தியும், புதிதாக ஊருக்கு வந்தவரும் அல்லரோ? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தச் சொல் சற்றுச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

வழக்கிற்குக் காரணமான அந்த 68 ஏக்கர் நிலத்தில் பிறகு வீடுகள் எழுந்தன என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே எழுந்தது விமானப் பகுதிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை. ஊர் வென்ற வழக்கு. நிலமோ தன் வழியே போயிற்று.

யூக்ளிட் தீர்ப்பிற்குப் பின் நாடெங்கும் நகரங்கள் இதே அச்சில் விதிகளை வார்த்துக்கொண்டன. இதற்கிடையே நிறத்தின் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. பால்டிமோர் நகரம் 1910-இல் வெள்ளையர் தெரு, கறுப்பர் தெரு என்று வெளிப்படையாகவே சட்டம் செய்தது. வேறு பல ஊர்களும் அதனைப் பின்பற்றின. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917-இல் தள்ளிவிட்டது. நிறத்தைச் சொல்லி விலக்க வழியில்லை என்றானபின், விலையைச் சொல்லி விலக்குவது எளிதாயிற்று. பெரிய மனை, அதில் ஒரே வீடு, நாற்புறமும் வெற்றிடம் என்று விதித்துவிட்டால், இன்னார் வரக்கூடாது என்று எவரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. விலை சொல்லிவிடும். வெள்ளையரல்லாதார்க்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதும் வழக்கமும் உடன் இருந்தது. அதனை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-இல் தீர்ப்பாயிற்று. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை காட்டுவதை 1968-இல் சட்டமே தடுத்தது. தனி வீட்டு விதி மட்டும் அசையவில்லை. எல்லோரும் சமமாக வாங்கலாம், பணம் இருந்தால்! அக்கிரகாரத்தையும் சேரியையும் அருகருகே வைத்திருந்த நாட்டிலிருந்து வந்த நாம் இதை ஏளனமாகப் பேசத் தகுதியுடையவர் அல்லோம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத வேலி எப்படி எழுப்பப்படுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி 'குடும்பம்' என்ற சொல்லிற்கு வருவோம். ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்று எழுதிய பிறகு, குடும்பம் எது என்று எழுதாமல் முடியாது. முடியாதென்பதை ஊர் மன்றங்கள் விரைவிலேயே கண்டுகொண்டன. நியூயார்க் மாநிலத்து நீள்தீவில் பெல் டெர் என்ற ஊர் இருக்கிறது. 1970-களில் அங்கே சுமார் 220 வீடுகள், 700 பேர். இரத்தத்தாலோ மணத்தாலோ தத்தினாலோ உறவு உடையவர் எத்தனை பேராயினும் ஒரு வீட்டில் வாழலாம். உறவில்லாதவர் இருவருக்கு மேல் கூடி வாழலாகாது என்பது அவ்வூர் விதி. அருகே ஸ்டோனி புரூக்கில் ஒரு பல்கலைக்கழகம். மாணவர் ஆறு பேர் அவ்வூரில் ஒரு வீட்டைக் கூடி வாடகைக்கு எடுத்தனர். ஊர் மன்றம் அறிவிப்பு அனுப்பியது. வழக்கு 1974-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது மன்றமே வென்றது. அமைதியான இல்லங்களும், அகன்ற முற்றங்களும், குறைந்த போக்குவரத்தும் ஓர் ஊர் விரும்பத்தக்க நோக்கங்களே என்று நீதிபதிகளுள் பெரும்பாலோர் கருதினர்.

மாணவர் விஷயம் என்று அதனை ஒதுக்கிவிடலாம். நாமும் மாணவர்க்கு வீடு கொடுக்கத் தயங்குபவர்தாமே. மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த வழக்கை அவ்வாறு ஒதுக்க இயலாது.

கிளீவ்லாந்தை ஒட்டிய கிழக்குக் கிளீவ்லாந்து என்ற நகரத்தில் மூர் என்ற அம்மையார் வாழ்ந்துவந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர், தம் சொந்த வீட்டில் இருந்தவர். அவருடன் அவருடைய மகன் ஒருவனும், அம்மகனுடைய மகனும் இருந்தனர். இன்னொரு மகனுக்கும் ஒரு பிள்ளை இருந்தான். அப்பிள்ளைக்கு ஒரு வயது நிறையுமுன்பே தாய் இறந்துவிட்டாள். பாட்டி அவனைத் தம் வீட்டிற்குக் கொண்டுவந்து வளர்த்தார். இதில் என்ன குற்றம்? 1973-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரசபையிலிருந்து அறிவிப்பு வந்தது. அந்தச் சிறுவன் அவ்வீட்டில் சட்டவிரோதமாகக் குடியிருப்பவன், அவனை வெளியேற்ற வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அம்மையார் அனுப்பவில்லை. குற்ற வழக்குத் தொடர்ந்தனர். ஐந்து நாட் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அந்நகரத்து விதியின் நுணுக்கத்தைப் பார்ப்போம். குடும்பத் தலைவர், அவர் துணை, மணமாகாத மக்கள், தலைவரின் பெற்றோர் ஆகியோர் குடும்பம். தலைவரைச் சார்ந்த மகன் அல்லது மகள் ஒருவரும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து இருக்கலாம். ஒருவர்க்கு மேல் ஆகாது. ஆகவே ஒரு மகனும் அவன் பெற்ற பேரனும் பாட்டியுடன் இருந்ததில் பிழையில்லை. அம்மகனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்திருந்தாலும் பிழையில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளும் ஒரு தந்தையின் மக்கள் அல்லர், இரு சகோதரர்களின் மக்கள் என்பதுதான் குற்றம்! ஆங்கிலத்தில் அவ்விருவருக்கும் உள்ள உறவிற்கு 'கஸின்' என்று பெயர். தமிழில் அதற்குத் தனிச் சொல்லே நமக்குத் தேவைப்படவில்லை. பெரியப்பா மகன் அண்ணன். சித்தப்பா மகன் தம்பி. கிழக்குக் கிளீவ்லாந்து நகரசபையில் தமிழறிந்த எழுத்தர் ஒருவர் இருந்திருந்தால், அவ்விருவரையும் சகோதரர் என்றே பதிந்து, வழக்கே எழாமல் செய்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

நகரசபை தன் விதிக்குச் சொன்ன காரணங்கள் மூன்று. வீடுகளில் நெரிசல் கூடாது. தெருவில் மோட்டார் வண்டிகள் பெருகக் கூடாது. பள்ளிகளின் செலவு ஏறக் கூடாது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பவல் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கணவனும் மனைவியும் மணமாகாத மக்களும் ஆளுக்கொரு காராக ஆறு கார் வைத்திருந்தாலும் இவ்விதி தடுக்காது. வளர்ந்த அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் மட்டுமே போய்வந்தாலும் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ இது விடாது. அவ்வாறாயின் விதி எதனைக் காக்கிறது? பாட்டி, பெரியப்பா, அத்தை, அவர்தம் மக்கள் என்று ஒரு கூரையின் கீழ்க் கூடி வாழ்வது அமெரிக்க மரபிலும் வேரூன்றியதே, அதனை வெட்ட நகரசபைக்கு உரிமை இல்லை என்றார் அவர். 1977 மே 31-ஆம் நாள் தீர்ப்பு அம்மையாருக்குச் சாதகமாக வந்தது. ஐவருக்கு நால்வர். நால்வர் எதிராக இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது.

இதில் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்நகர மக்களுள் பெரும்பாலோர் அப்போது கறுப்பினத்தவர். நகர ஆட்சியும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஒதுக்கப்பட்டவரே ஆளும் ஊரிலும், ஒதுக்குவதற்காகப் பிறர் செய்த கருவி அப்படியே வேலை செய்தது. தம் ஊரும் பிற புறநகர்களைப் போல் கௌரவமாகத் திகழ வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். கெட்ட எண்ணம் இல்லாத கையிலும் கெட்ட விதி கெட்டதையே செய்யும் போலும்.

தீர்ப்பு வந்தபின்னும் பெல் டெர் வழக்கின் முடிவு மாறவில்லை. உறவினரைப் பிரிக்கலாகாது, உறவற்றோரைக் கணக்கிடலாம் என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நிலை. கொலராடோ போன்ற சில மாநிலங்கள்தாம் பிற்காலத்தில், உறவை வைத்து ஆள் எண்ணும் ஊர் விதிகளைச் சட்டத்தால் நிறுத்தின. கொலராடோ அதனைச் செய்தது 2024-இல்.

நம் பிள்ளைகள் பலர் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தைச் சுற்றிக் கணிப்பொறி வேலை பார்க்கின்றனர். அவர்களைக் காணச் சென்று திரும்பும் பெற்றோர், "வீட்டு விலை கேட்டால் மயக்கம் வருகிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். விலைக்குக் காரணம் பல. ஆனால் 2019-இல் எடுத்த கணக்கு ஒன்றைச் சொன்னால் ஒரு காரணம் விளங்கும். சான் ஹோசேயின் குடியிருப்பு நிலத்தில் நூற்றுக்கு 94 பங்கு தனி வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 75 பங்கு. நியூயார்க்கில் 15 பங்குதான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து சேரும் ஊரில், அடுக்கு வீடு கட்டப் பெரும்பாலான நிலத்தைத் தொடக்கூடாது என்றால், வந்தவர் எங்கே போவர்? பள்ளி ஆசிரியரும் தீயணைப்பு வீரரும் தாம் பணிபுரியும் ஊரில் வாழ முடியாமல், நாள்தோறும் நெடுந்தொலைவு கார் ஓட்டி வருகின்றனர்.

இந்த நெருக்கடிதான் விதியை அசைத்தது. அறத்தைப் பற்றிய பேச்சு அதற்குத் துணை நின்றது. தனி வீட்டின் பின்புறம் சிறு வீடொன்று கட்டிக்கொள்வதற்கு இருந்த தடைகளைக் கலிபோர்னியா 2016-இல் இயற்றிய சட்டங்களால் தளர்த்தியது. அந்தச் சிறு வீட்டைப் பேச்சு வழக்கில் 'பாட்டி வீடு' என்கின்றனர். பாட்டியைச் சட்டத்திற்குள் கொண்டுவர அவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மின்னியாபொலிஸ் நகரம் 2018 டிசம்பரில் ஏற்ற திட்டத்தின்படி, தனி வீட்டு மனையில் மூன்று குடித்தனம் வரை கட்டலாம் என்றாயிற்று. ஒரிகன் மாநிலம் 2019-இல் இரட்டை வீடு முதலியவற்றை மாநிலம் தழுவிய சட்டத்தால் அனுமதித்தது. கலிபோர்னியாவில் மனையைப் பிரித்து இரட்டை வீடு கட்ட இடந்தரும் சட்டம் 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அண்டை வீட்டார் எதிர்ப்பும் வழக்குகளும் இல்லாமல் இல்லை. முதன்முதலில் தனி வீட்டுப் பகுதியை வகுத்த பெர்க்லி நகர மன்றமே, 2021-இல், அவ்வேற்பாட்டை விட்டுவிடுவதென்று தீர்மானம் செய்தது.

இப்போது நம் நாட்டிற்குத் திரும்புவோம். தொடக்கத்தில் குறித்த நகரம் சண்டிகர். லெ கார்பூசியே என்ற சிற்பியின் திட்டப்படி எழுந்த நகரம் அது. முதற் கட்டமான 1 முதல் 30 வரையுள்ள செக்டார்கள் ஒன்றரை லட்சம் மக்களுக்கென்றும், இரண்டாம் கட்டம் மூன்றரை லட்சம் மக்களுக்கென்றும் வகுக்கப்பட்டன. முதற் கட்டத்து வீடுகள் தாழ்ந்து பரந்தவை. மரங்களுக்கும் வானத்திற்கும் இடம்விட்டு நிற்பவை. வடக்கே மலையை நோக்கிப் போகப் போக மனைகள் பெரிதாகும். கனால் என்பது அவ்வூர் அளவு. சுமார் 500 சதுர கஜம். ஒரு மனை ஒரு குடும்பத்திற்கு என்பது கருத்து. மனையைத் துண்டாக்கலாகாது என்று 1960-ஆம் ஆண்டு விதியே சொல்லியது.

நகரம் முழுவதும் ஐந்து லட்சம் பேருக்கென்று வகுக்கப்பட்ட அந்நகரில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10,55,450 பேர் இருந்தனர். நெருக்கடி வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. கட்டட வியாபாரி பழைய வீட்டை வாங்கி இடித்து, மூன்று தளமாகக் கட்டுவார். கீழ்த் தளத்தை வாங்குபவர்க்கு மனையில் நூற்றுக்கு 50 பங்கு, நடுத் தளத்திற்கு 30, மேல் தளத்திற்கு 20 என்று பிரித்து விற்பார். காகிதத்தில் அது ஒரே வீடு. மூவர் கூட்டாக வாங்கியது. உண்மையில் மூன்று வீடு. குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 10-ஆம் நாள் இவ்வழியை அடைத்தது. முதற் கட்டச் செக்டார்களில் ஒற்றை வீட்டை மூன்று குடித்தன வீடாக மாற்றும் உட்கருத்துடைய வரைபடத்தை அனுமதிக்கலாகாது என்றும், அங்கே மக்கள் அடர்த்தியைக் கூட்டலாமா என்பதை நகரின் மரபுச் சின்னங்களைக் காக்கும் குழு ஆராய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அதன்பின் அதே ஆண்டில், குடும்பத்திற்குப் புறம்பானவர்க்குப் பங்கு விற்பதைப் பதிவு செய்ய நிர்வாகம் மறுத்தது. இங்கும் அந்தச் சொல் வந்துவிட்டது பாருங்கள்.

சண்டிகரை யூக்ளிட்டுடன் ஒரே தராசில் நிறுத்துவது முறையாகாது. யூக்ளிட் காக்க விரும்பியது நிலத்தின் விலையை. சண்டிகர் காக்க விரும்புவது ஒரு கலைப்படைப்பை. அந்நகரத்துத் தெருக்களில் மாலை வேளையில் நடந்தவர் எவரும் அதனைக் கெடுக்கத் துணியார். கட்டுப்பாடின்றி வளர்ந்த நம் பிற நகரங்களின் கதி என்ன என்பதையும் நாம் அறிவோம். உயரத்தையும் மரத்தையும் இடைவெளியையும் சட்டம் காக்கட்டும். அதில் எமக்கு முழு உடன்பாடே. மூன்று தளம் எழுவதற்கு அவ்விதிகள் இடந்தரும்போது, அம்மூன்று தளத்திலும் வாழ்பவர் ஒரே இரத்தமாக இருக்க வேண்டுமா என்பதுதான் ஐயம். அண்ணனும் தம்பியும் மாடிக்கொருவராக இருந்தால் கெடாத வானம், அந்நியர் இருவர் இருந்தால் கெட்டுவிடுமா? செக்டார்களில் சமைத்தும் துலக்கியும் வாழ்பவர் எங்கே தங்குகின்றனர் என்று கேட்டால், புரைல் போன்ற பழைய கிராமங்களைக் காட்டுகின்றனர். நகரம் சூழ்ந்து வளர்ந்தபோது நடுவே அகப்பட்டுக்கொண்ட ஊர்கள் அவை. அங்கே சந்துகள் குறுகியவை, மாடிமேல் மாடியாக அறைகள், அறைக்குள் ஆட்கள். தனி வீட்டுத் தெருவின் அமைதிக்குரிய விலையின் ஒரு பகுதியை அச்சந்துகள் செலுத்துகின்றன.

எங்கள் பர்ஸாத்தியில் விருந்தாளியாக இருந்த தமக்கை மகனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவன் இப்போது அப்பக்கத்திலேயே பொறியாளன். 2022-இன் இறுதியில் ஒரு செக்டாரில் நடுத் தளம் ஒன்றிற்கு, அதாவது 30 பங்கிற்கு, விலை பேசி முன்பணமும் கொடுத்திருந்தான். ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தரகர் பல மாதம் அலைக்கழித்த பின்னரே முன்பணத்தைத் திருப்பினார். அதிலும் சிறிது குறைந்தது. இப்படிப்பட்ட பங்கு வாங்க எண்ணும் நேயர்கள், அம்மனையின் முதல் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் குத்தகைப் பத்திரத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பது சட்டமாகாது.

அவன் பின்பு மொஹாலியில் ஆறாவது மாடியில் ஒரு வீடு வாங்கினான். எங்கள் தமக்கையும் அவனோடுதான் இருக்கிறார். மனைவியின் தம்பி ஒருவனும் வேலை தேடி வந்து அங்கே தங்கியிருக்கிறான். குடியேறிய நாளன்று சங்கச் செயலாளர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: கார் எத்தனை?